பழைய அட்டவணையில் புதிய புலம்: தோட்டத்துச் செக்ரோலை வைத்து ஒரு பாடம்

தரவுத்தளம் என்னும் அலகைக் கற்கும் மாணவர்கள் பெரும்பாலும் புதிய அட்டவணை ஒன்றை அமைப்பதற்கே பயிற்சி பெறுகின்றனர். புலங்களுக்குப் பெயரிடுதல், தரவு வகையைத் தெரிதல், முதன்மைச் சாவியைக் குறித்தல், பத்துப் பதிவுகளை உட்புகுத்துதல் என்பதோடு பயிற்சி முடிந்துவிடும். ஆனால் அலுவலகங்களில் அடிக்கடி நேரும் வேலை வேறு. பல்லாயிரம் பதிவுகள் ஏற்கெனவே உள்ள அட்டவணையில் இன்னுமொரு புலத்தைச் சேர்க்க வேண்டி வரும். இது பார்வைக்கு எளிய வேலை. அக்சஸ் மென்பொருளில் வடிவமைப்புக் காட்சியைத் திறந்து ஒரு வரி எழுதினால் போதும். ஆயினும் அந்த ஒரு வரியால் பழைய பதிவுகள் பொய் சொல்லத் தொடங்கிவிடலாம். எப்படி என்பதை நமக்கு நன்கு தெரிந்த ஓர் ஆவணத்தைக் கொண்டு பார்ப்போம்.

செக்ரோல்

நமுனுகுல, பசறை, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த மாணவர்களுக்குச் செக்ரோலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் யார் யார் வேலைக்கு வந்தனர், எந்த மலையில் வேலை, எத்தனை கிலோ கொழுந்து, முழுப் பெயரா அரைப் பெயரா என்பன அதில் பதியப்படும். மாத முடிவில் சம்பளம் கணக்கிடப்படுவது அதிலிருந்துதான்.

நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றின் செக்ரோலை நாம் ஒரு தரவுத்தள அட்டவணையாக அமைப்பதாகக் கொள்வோம். தொழிலாளர் இலக்கம், திகதி ஆகிய இரண்டும் சேர்ந்து முதன்மைச் சாவியாகும். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு பதிவே இருக்க முடியும் என்பதால் இவ்விரண்டின் சேர்க்கை மீண்டும் வராது. இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட புலங்களால் ஆன சாவி கூட்டுச் சாவி எனப்படும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. 'வேலைக்கு வந்தாரா?' என்பதற்கு ஆம்/இல்லை என்ற தரவு வகையைச் சில மாணவர்கள் தெரிவு செய்வர். அரைப் பெயர் விழுந்த நாளை அதில் எப்படிப் பதிவது? முழுப் பெயருக்கு 1, அரைப் பெயருக்கு 0.5 என எழுதத்தக்க தசம எண் வகையே பொருத்தமானது. புலத்தின் தரவு வகையை முடிவு செய்ய வேண்டியது அந்த வேலையைச் செய்பவரின் நடைமுறையைக் கேட்டறிந்த பின்னராகும்.

சம்பளம் ஏன் பல புலங்களாகப் பிரிகிறது?

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட காலம் ஒரே தொகையாக இருக்கவில்லை. முதலாளிமார் சம்மேளனத்துக்கும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உள்ளிட்ட தொழிற்சங்கங்களுக்கும் இடையே செய்யப்பட்ட கூட்டு ஒப்பந்தங்கள் அதைப் பல கூறுகளாகப் பிரித்திருந்தன. அடிப்படைச் சம்பளம் ஒன்று. தேயிலை விலையோடு தொடர்புபடுத்திய விலைப் பங்குக் கொடுப்பனவு இன்னொன்று. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் வந்தவர்களுக்கான வருகைக் கொடுப்பனவு மற்றொன்று. 2016 ஒக்டோபரில் செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் உற்பத்தித்திறன் கொடுப்பனவு என்ற புதிய கூறு வந்தது. தோட்டம் நிர்ணயித்த அளவு கொழுந்தைப் பறித்தவருக்கே அது உரியது. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் வருகை, உற்பத்தித்திறன் ஆகிய இரண்டும் நீக்கப்பட்டன.

ஒரு நாளுக்குரிய ரூபாய்த் தொகைகள் பின்வருமாறு:

ஆண்டு | அடிப்படை | விலைப் பங்கு | வருகை | உற்பத்தித்திறன் | மொத்தம்
2013 | 450 | 30 | 140 | இல்லை | 620
2016 | 500 | 30 | 60 | 140 | 730
2019 | 700 | 50 | இல்லை | இல்லை | 750

இந்த மூன்று வரிகளை ஊன்றிப் பாருங்கள். 2016இல் மொத்தம் 110 ரூபா கூடியது. அடிப்படைச் சம்பளமோ 50 ரூபாவே கூடியது. வருகைக் கொடுப்பனவு 140இலிருந்து 60 ஆகக் குறைந்தது. கொழுந்து குறைந்த நாளில் 140 ரூபா கிடைக்காது. 'மொத்தம்' என்ற ஒரே புலத்தை மட்டும் வைத்திருந்தால் இவற்றில் எதுவுமே தெரியாது.

கூறுகளைத் தனித்தனிப் புலமாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் தொழிலாளர் 8 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதம் செலுத்துவார். 2016 ஒப்பந்தத்தின்போது தோட்டக் கம்பனிகள் நாளொன்றுக்குத் தமக்கு ஆகும் செலவு 805 ரூபா என்றன. அது எப்படி வந்தது? தொழில்தருநரின் 12, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 15 சதவீதம். 500 ரூபாவின் 15 சதவீதம் 75 ரூபா. 730 உடன் 75ஐக் கூட்ட 805. அதாவது நிதிப் பங்களிப்பு மொத்தத்தின் மீதன்றி அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்பட்டது. 2019இல் கூறப்பட்ட 855 ரூபாவையும் இவ்வாறே சரிபார்க்கலாம்: 700இன் 15 சதவீதம் 105, 750 கூட்டல் 105. அடிப்படைச் சம்பளம் தனிப் புலமாக இல்லாத அட்டவணையிலிருந்து இக்கணக்கைச் செய்யவே முடியாது.

மறுபுறம், 'மொத்தம்' என்பதை அட்டவணையில் ஒரு புலமாகச் சேமிக்க வேண்டியதில்லை. ஏனைய புலங்களிலிருந்து கணித்துப் பெறக்கூடியதை வினவலில் கணித்துக்கொள்ள வேண்டும். சேமித்து வைத்தால், ஒரு கூறு திருத்தப்பட்டு மொத்தம் திருத்தப்படாமல் விடுபடும் அபாயம் உண்டு.

தாளில் கோடு போடுவதும் தரவுத்தளத்தில் நிரல் சேர்ப்பதும்

2013ஆம் ஆண்டுத் தொகைகளோடு ஓடிக்கொண்டிருந்த அட்டவணையில் 2016 ஒக்டோபரில் 'உற்பத்தித்திறன்' என்னும் புலத்தைச் சேர்க்க வேண்டும். காகிதப் புத்தகமாயின் கணக்கப்பிள்ளை புதிய பக்கத்தில் இன்னொரு கோடு கீறித் தலைப்பு எழுதுவார். பழைய பக்கங்களில் அந்த நிரலே இருக்காது. 2014ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டுபவர் 'அப்போது இக்கொடுப்பனவு இருக்கவில்லை' என்று பார்த்தவுடனேயே விளங்கிக்கொள்வார்.

தரவுத்தளத்தில் அப்படி இல்லை. ஓர் அட்டவணையின் எல்லா நிரைகளுக்கும் ஒரே எண்ணிக்கையான நிரல்களே இருக்கும். இன்று சேர்க்கும் நிரல் முதலாவது பதிவு வரை பின்னோக்கி நீண்டுவிடும். 2013, 2014, 2015ஆம் ஆண்டுகளின் ஒவ்வொரு பதிவிலும் ஒரு புதிய கட்டம் திறக்கும். அக்கட்டத்தில் என்ன இருக்கும்? இக்கேள்விக்கு விடை தெரியாமல் புலத்தைச் சேர்க்கக் கூடாது. இப்பாடத்தின் மையம் இதுவே.

வெறுமையும் பூச்சியமும்

பழைய கட்டங்களுக்கு இரண்டு விடைகள் உள்ளன. ஒன்று, வெற்றுப் பெறுமானம். ஆங்கிலத்தில் இதை 'நல்' என்று உச்சரிப்பர். தமிழ்ச் சொல்லான 'நல்ல' என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதன் கருத்து 'இங்கே பெறுமானம் எதுவும் இல்லை' என்பதாகும். மற்றையது பூச்சியம், அதாவது 0. இதன் கருத்து 'பெறுமானம் உண்டு, அது 0' என்பதாகும்.

இலக்கம் 1042 உடைய ஒரு தொழிலாளியின் நான்கு பதிவுகளைப் பார்ப்போம். (இலக்கமும் நாட்களும் பாடத்துக்காக அமைக்கப்பட்டவை. தொகைகள் அந்தந்த ஒப்பந்தத்துக்குரியவை.)

திகதி | அடிப்படை | விலைப் பங்கு | வருகை | உற்பத்தித்திறன்
2015.03.10 | 450 | 30 | 140 | (வெறுமை)
2015.03.11 | 450 | 30 | 140 | (வெறுமை)
2017.03.07 | 500 | 30 | 60 | 140
2017.03.08 | 500 | 30 | 60 | 0

2017 மார்ச் 8இல் உள்ள 0 ஒரு செய்தியைச் சொல்கிறது: அன்று நிர்ணயித்த கிலோ வரவில்லை, ஆகவே கொடுப்பனவு இல்லை. மழையாக இருந்திருக்கலாம், மலையில் கொழுந்து குறைவாக இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும் அது நடந்த ஒன்று. 2015 மார்ச் 10இல் உள்ள வெறுமை சொல்லும் செய்தி முற்றிலும் வேறு: அன்று அப்படி ஒரு கொடுப்பனவே நாட்டில் இருக்கவில்லை.

இப்போது யாரோ ஒருவர் 'காலியாக இருந்தால் அழகாக இல்லை' என்று பழைய கட்டங்கள் யாவற்றிலும் 0 இட்டுவிட்டார் எனக் கொள்வோம். 2013 முதல் 2016 வரை அந்தப் பெண் ஒரு நாளாவது நிர்ணயித்த அளவு பறிக்கவில்லை என்று அட்டவணை சொல்லத் தொடங்கும். அவர் அன்று எவ்வளவு பறித்திருந்தாலும் சரி, பதிவு அப்படித்தான் பேசும். பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பதிவைப் பார்க்கும் புதிய எழுதுவினைஞருக்கு உண்மை தெரிய வழியில்லை.

கணக்கிலும் இது வெளிப்படும். உற்பத்தித்திறன் கொடுப்பனவின் சராசரியைக் கேட்டால், சராசரி காணும் சார்பு வெறுமையான கட்டங்களைக் கணக்கில் எடுக்காது. ஆகவே 140, 0 ஆகிய இரண்டின் சராசரி 70 ரூபா எனச் சரியாக வரும். பழைய இரண்டு கட்டங்களிலும் 0 இருந்தால் 140ஐ நான்கால் வகுத்து 35 ரூபா என வரும். அதே தொழிலாளி, அதே உழைப்பு, விடை பாதியாகிவிட்டது. பரீட்சையில் 'வெற்றுப் பெறுமானத்துக்கும் பூச்சியத்துக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக' என்று கேட்டால் இந்தக் கணக்கை எழுதுங்கள்.

அப்படியானால் வெறுமையே எப்போதும் நல்லதா? அதற்கும் ஒரு விலை உண்டு. நாட்சம்பளத்தைக் காண வினவலில் நான்கு புலங்களையும் கூட்டல் குறியால் இணைக்கிறீர்கள். 2017 மார்ச் 7க்கு 730 வரும், மார்ச் 8க்கு 590 வரும். 2015 மார்ச் 10க்கு? 620 வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வராது, வெறுமைதான் வரும். 450, 30, 140 ஆகியவற்றோடு 'தெரியாத ஒன்றை'க் கூட்டினால் விடையும் தெரியாதது என்பதே தரவுத்தளத்தின் தர்க்கம். நேற்றுவரை 620 காட்டிய அறிக்கை, புதிய புலம் சேர்ந்த மறுநாள் பழைய மாதங்களுக்கெல்லாம் வெற்றிடம் காட்டும்.

இதற்குப் பரிகாரம் அட்டவணையில் 0 இடுவதன்று. வினவலில் மட்டும், 'வெறுமையாயின் 0 எனக் கொள்க' என்று கூற வேண்டும். அக்சஸில் இதற்கு 'என்.இசட்.' என்ற சார்பு உள்ளது. எஸ்.கியூ.எல். மொழியில் 'கொஅலெஸ்' என்ற சார்பு இதே வேலையைச் செய்யும். சேமித்த தரவு உண்மையாகவே இருக்கும்; கூட்டும் நேரத்தில் மட்டும் வசதிக்காக 0 ஆகும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

முதலில் காப்புப் பிரதி எடுக்க வேண்டும். இதைச் சொல்லாத புத்தகம் இல்லை, செய்யும் மாணவர் குறைவு.

அக்சஸில் அட்டவணையை வடிவமைப்புக் காட்சியில் திறந்து, கடைசிப் புலத்தின் கீழே புதிய பெயரை எழுதி, தரவு வகையாக நாணய வகையைத் தெரியுங்கள். கீழ்ப்பகுதியில் இயல்புநிலைப் பெறுமானம், கட்டாயம் என்னும் இரு பண்புகளைக் காண்பீர்கள். அக்சஸில் இயல்புநிலைப் பெறுமானமாக 0 கொடுத்தால் அது இனிமேல் உட்புகுத்தப்படும் பதிவுகளுக்கே பொருந்தும். ஏற்கெனவே உள்ள பதிவுகள் வெறுமையாகவே இருக்கும். நமது தேவைக்கு இது பொருத்தமானதே. 'கட்டாயம்' என்பதை 'ஆம்' ஆக்கினால், பழைய பதிவுகள் அவ்விதிக்கு உடன்படுகின்றனவா எனச் சோதிக்கவா என்று மென்பொருள் கேட்கும். அவை உடன்படாது என்பது நமக்கு முன்பே தெரியும்.

எஸ்.கியூ.எல். மொழியில் இதே வேலையை ஒரு கட்டளையால் செய்யலாம். 'ஓல்ட்டர் டேபிள்' எனத் தொடங்கி அட்டவணையின் பெயர், 'அட் கொலம்', புலத்தின் பெயர், தரவு வகை என்ற ஒழுங்கில் அது அமையும். (கணினியில் இதை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும். உயர்தரத்தில் விரிவாகக் கற்பீர்கள்.) இங்கே ஒரு வேறுபாட்டை அவதானிக்குக. இக்கட்டளையோடு இயல்புநிலைப் பெறுமானமாக 0ஐச் சேர்த்து எழுதினால், பல தரவுத்தள மென்பொருள்களில் பழைய நிரைகளிலும் 0 நிரம்பிவிடும். அக்சஸின் வடிவமைப்புக் காட்சியில் பழகிய கை இங்கே ஏமாறக்கூடும்.

இணையப் பயன்பாட்டில் புலம் சேர்த்தல்

இப்போது செக்ரோல் ஒரு கணினியில் மட்டும் இல்லை எனக் கொள்வோம். நமுனுகுலத் தோட்ட அலுவலகத்திலும் கொழும்புத் தலைமை அலுவலகத்திலும் இணைய உலாவி மூலம் ஒரே பயன்பாடு பயன்படுத்தப்படுகிறது. இத்தகைய பயன்பாடுகளை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து எழுதுவதில்லை. படிவம் காட்டுதல், தரவைச் சரிபார்த்தல், தரவுத்தளத்தோடு பேசுதல் முதலிய பொதுவான வேலைகளை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் சட்டகம் ஒன்றின் மீது எழுதுவர். 2004இல் வெளிவந்த ரூபி ஒன் ரெயில்ஸ், 2005இல் வெளிவந்த ஜாங்கோ, 2011இல் வெளிவந்த லாராவெல் என்பன பிரபலமானவை.

சட்டகத்தில் எழுதப்படும் நிரலில் ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு விவரணம் இருக்கும். இதை மாதிரி என்பர். ஆகவே ஒரே புலம் இரண்டு இடங்களில் குறிப்பிடப்படுகிறது: மாதிரியில் ஒருமுறை, உண்மையான தரவுத்தளத்தில் ஒருமுறை. மாதிரியில் 'உற்பத்தித்திறன்' என எழுதிவிட்டுத் தரவுத்தளத்தில் சேர்க்காவிட்டால், பக்கத்தைத் திறந்தவுடன் 'அப்படி ஒரு நிரல் இல்லை' என்ற வழுச்செய்தி வரும். தரவுத்தளத்தில் மட்டும் சேர்த்துவிட்டு மாதிரியில் எழுதாவிட்டால் வழு வராமலும் போகலாம். ஆனால் படிவத்தில் அப்புலம் தோன்றாது, எவரும் அதை நிரப்ப மாட்டார்கள். இரண்டாவதே கண்டுபிடிக்கக் கடினமானது.

இவ்விரண்டையும் ஒத்திசையச் செய்யும் ஏற்பாட்டை மைக்ரேஷன் என்பர். நேரடித் தமிழில் இடப்பெயர்வு. மலையகத்தில் அச்சொல்லுக்கு வேறு கனம் உண்டு. இங்கே அது தரவுத்தளத்தின் அமைப்பு ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறுவதையே குறிக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறு கோப்பாக எழுதப்பட்டு வரிசை பெறும். ஜாங்கோவில் 0001 என்ற கோப்பு முதல் அட்டவணையை அமைக்கும், 0002 ஒரு புலத்தைச் சேர்க்கும், 0003 அடுத்ததைச் செய்யும். 'மேக்மைக்ரேஷன்ஸ்' என்ற கட்டளை கோப்பை உருவாக்கும். 'மைக்ரேட்' என்ற கட்டளை அதைத் தரவுத்தளத்தில் நிறைவேற்றும். எந்தெந்தக் கோப்புகள் நிறைவேறின என்பதைத் தரவுத்தளமே ஓர் அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். ஆகவே பரிசோதனைக் கணினியிலும் சேவையகத்திலும் ஒரே மாற்றங்கள் ஒரே ஒழுங்கில் நடக்கும். யாரோ ஒருவர் நேற்று மாலை கையால் என்ன மாற்றினார் என்று தேட வேண்டியதில்லை.

வெறுமைக்கு அனுமதி கொடுக்காமலும் இயல்புநிலைப் பெறுமானம் கொடுக்காமலும் ஒரு புலத்தைச் சேர்க்க முயன்றால் ஜாங்கோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். பழைய நிரைகளுக்கு இம்முறை மட்டும் இட வேண்டிய பெறுமானம் ஒன்றை இப்போதே தாருங்கள், அல்லது வெளியேறி மாதிரியைத் திருத்துங்கள் என்று கேட்கும். அவசரத்தில் இருப்பவர் 0 என்று தட்டுவார். வழு மறைந்துவிடும், வேலை முடிந்ததுபோல் தோன்றும். மேலே கண்ட 1042ஆம் இலக்கத் தொழிலாளியின் மூன்றரை ஆண்டுப் பதிவு பிழையாவது அந்த ஒரு விசையழுத்தத்தில்தான். சரியான வழி வெளியேறி, மாதிரியில் அப்புலத்துக்கு வெறுமையை அனுமதிப்பது. லாராவெலில் 'நல்லபிள்' என்று குறிப்பிடுவதும் இதற்கே.

கொடுப்பனவு நின்றால் புலத்தை நீக்கலாமா?

2019 ஜனவரியில் வருகை, உற்பத்தித்திறன் ஆகிய இரண்டும் நின்றன. 'இனித் தேவையில்லாத புலங்கள்' என்று அவற்றை நீக்க எண்ணுவது இயல்பு. நீக்கினால் 2016 முதல் 2019 வரை ஒவ்வொருவருக்கும் கிடைத்ததும் கிடைக்காததும் அழிந்துவிடும். மைக்ரேஷனைப் பின்னோக்கி இயக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்கலாம். இயக்கலாம், நிரல் திரும்பி வரும். அதனுள் இருந்த தொகைகள் வரா. புலத்தைச் சேர்த்த செயலை மீளப்பெறுவது எளிது. நீக்கிய செயலைக் காப்புப் பிரதி இன்றி மீளப்பெற முடியாது.

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறத் தகுதியுடையவர்கள். 20 வயதில் பெயர் பதிந்த ஒரு பெண்ணின் கணக்கைச் சரிபார்க்க முப்பது ஆண்டுப் பதிவு வேண்டும். சம்பளப் பதிவேட்டில் 'பழையது' என்பது 'தேவையற்றது' என்று பொருள்படாது. படிவத்திலிருந்து அப்புலங்களை மறைத்துவிட்டு, அட்டவணையில் வைத்திருப்பதே தகும்.

ஒரே பெயர், வேறு பொருள்

கூட்டு ஒப்பந்த முறைக்குப் பதிலாக 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் ஊடாக நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அது 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா வரவு செலவுத் திட்ட நிவாரணப்படியும் சேர்ந்தது. எனவே மீண்டும் ஒரு புதிய புலம். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாவானது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1550 ரூபாவாக உயர்த்தவும், அதற்கு மேலாக அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழிந்தது. இரண்டும் சேர்ந்து 1750 ரூபா.

நமது அட்டவணையில் 'வருகை' என்ற புலம் 2019 முதல் சும்மா கிடக்கிறது. இந்த 200 ரூபாவை அதிலேயே இட்டால் புதிய புலம் சேர்க்கும் வேலை மிச்சம் அல்லவா? இட்டால் வழு எதுவும் வராது. ஆனாலும் இடக் கூடாது. பழைய வருகைக் கொடுப்பனவைத் தந்தது தோட்டக் கம்பனி, புதியதைத் தருவது அரசாங்கம். 'கம்பனி 2013 முதல் இன்றுவரை வருகைக்காகச் செலவிட்டது எவ்வளவு?' என்று வினவினால் அரசாங்கத்தின் பணமும் கம்பனியின் கணக்கில் சேரும். பெயர் ஒன்றாக இருப்பதனால் பொருளும் ஒன்றாகிவிடாது. 'அரச வருகைக் கொடுப்பனவு' எனத் தனிப் புலம் வேண்டும்.

புலமா, பதிவா?

2013இலிருந்து எண்ணிப் பார்த்தால் இரண்டு புலங்கள் புதிதாகச் சேர்ந்தன, சில நின்றுபோயின, மூன்றாவது புதிய புலமும் வாசலில் நிற்கிறது. ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் அட்டவணையின் அமைப்பையே மாற்றுவதெனில் ஆரம்ப வடிவமைப்பில் ஏதோ குறை இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும்.

வேறொரு வழி உண்டு. 'கொடுப்பனவு வகை' என்று ஒரு சிறு அட்டவணை: வகை இலக்கம், பெயர், வழங்குபவர், தொடங்கிய திகதி, முடிந்த திகதி. 'நாட்கொடுப்பனவு' என்று இன்னொன்று: தொழிலாளர் இலக்கம், திகதி, வகை இலக்கம், தொகை. இரண்டாவதில் வகை இலக்கம் அந்நியச் சாவியாகும். முதல் மூன்று புலங்களும் சேர்ந்து கூட்டு முதன்மைச் சாவியாகும். இவ்வமைப்பில் புதிய கொடுப்பனவு வந்தால் வகை அட்டவணையில் ஒரு பதிவு கூடும், அவ்வளவே. 2015க்கு உற்பத்தித்திறன் பதிவே இராது. வெறுமையா பூச்சியமா என்ற கேள்வியும் எழாது. நின்றுபோன கொடுப்பனவுக்கு முடிந்த திகதியை இட்டால் போதும்.

இதன் குறைபாடு என்னவெனில், ஒரு நாளின் சம்பளத்தை ஒரே நிரையில் கண்ணால் பார்க்க முடியாது. இரண்டு அட்டவணைகளை இணைத்து வினவல் எழுத வேண்டும், பதிவுகளின் எண்ணிக்கையும் மூன்று நான்கு மடங்காகும். கூறுகள் அடிக்கடி மாறும் சம்பளம் போன்ற விடயத்துக்கு இதுவே மேலானது என்பது எமது கருத்து. பிறந்த திகதி போன்று ஒருவருக்கு ஒன்றே உள்ள, மாறாத விபரங்களுக்குத் தனிப் புலமே போதும். வருகைக் கொடுப்பனவு மாத வருகையைப் பொறுத்தது என்பதால் அதை மாத அட்டவணையில் வைப்பதே இன்னும் முறையாகும். இங்கே பாடத்தின் எளிமைக்காக நாள் நிரையில் வைத்துள்ளோம்.

பயிற்சி வினா

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் செக்ரோல் அட்டவணையில் 2013 ஏப்ரல் முதலான பதிவுகள் உள்ளன. 2021 மார்ச்சில் 'நிவாரணப்படி' என்னும் புலம் சேர்க்கப்படுகிறது.

(i) இப்புலத்துக்குப் பொருத்தமான தரவு வகை யாது?
(ii) 2020ஆம் ஆண்டுப் பதிவுகளில் இப்புலத்தில் இருக்க வேண்டியது வெறுமையா, 0 ஆ? காரணம் தருக.
(iii) புலம் சேர்க்கப்பட்ட பின், 700 ரூபா அடிப்படையும் 50 ரூபா விலைப் பங்கும் உள்ள 2020ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றுக்கு 'அடிப்படை + விலைப் பங்கு + நிவாரணப்படி' என்ற கோவை தரும் விடை யாது? சரியான விடையைப் பெறுவது எப்படி?
(iv) 2016ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 730 ரூபா பெற்ற ஒரு நாளுக்கு, தொழிலாளரின் சேமலாப நிதிப் பங்களிப்பு எவ்வளவு?
(v) இரண்டு அட்டவணைகள் கொண்ட அமைப்பில், 2021 மார்ச் மாற்றத்துக்காக எத்தனை புலங்கள் சேர்க்கப்பட வேண்டும்?

விடைகள்

(i) நாணய வகை. தசம எண் வகையும் ஏற்றுக்கொள்ளப்படும். பாட வகை எழுதினால் புள்ளி இல்லை. பாட வகையைக் கூட்ட முடியாது.

(ii) வெறுமை. 2020இல் அக்கொடுப்பனவு நடைமுறையில் இருக்கவில்லை. 0 எனின், கொடுப்பனவு இருந்தும் அத்தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை என்று பொருள்படும், சராசரியும் பிழையாகும்.

(iii) வெறுமை. 750 என எழுதும் மாணவர்கள் பலர். நிவாரணப்படி வெறுமையாக இருப்பதால் முழுக் கோவையும் வெறுமையாகிவிடுகிறது. 'என்.இசட்.' சார்பினால் வெறுமையை 0 ஆகக் கொண்டு கூட்டினால் 750 கிடைக்கும். அட்டவணையிலுள்ள தரவை மாற்றக் கூடாது.

(iv) 500இன் 8 சதவீதம், அதாவது 40 ரூபா. 730இன் 8 சதவீதமாகிய 58.40 ரூபா பிழையான விடையாகும். பங்களிப்பு கணிக்கப்பட்டது அடிப்படைச் சம்பளத்தின் மீதாகும்.

(v) ஒன்றும் இல்லை. 'கொடுப்பனவு வகை' அட்டவணையில் நிவாரணப்படிக்கென ஒரு பதிவு சேர்க்கப்படும்.